மருந்து போடாத கால்

என்ன தம்பி, மூக்கச் சுருக்குறீங்க? அந்த வாடை என்கிட்டருந்துதான் வருது. தள்ளி உக்காரணும்னா உக்காந்துக்கங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா நெழலு இங்கிட்டு மட்டுந்தான். அங்கிட்டுப் போனா படிக்கட்டு தோசைக்கல்லா கொதிக்கும். அதுக்கு இந்த வாடையே தேவலாம்.

யாருக்காக வந்திருக்கீங்க? பெரியப்பாவா? குண்டு எறியிறாரா? சரிதான், அது மத்தியானத்துக்கு மேலதான். அதுவரைக்கும் இதப் பாருங்க. பொம்பளைகளுக்கு அஞ்சாயிரம் மீட்டர், அம்பத்தஞ்சு வயசுக்கு மேல. பன்னெண்டரை ரவுண்டு ஓடணும். அந்தா, செவப்பு டீசர்ட்டு, கெண்டைக்கால்ல கருப்பா பாதமில்லாத சாக்ஸு மாட்டியிருக்கா பாருங்க, அதான் எங்க வீட்டுக்காரி. சீனியம்மாள். வத்தலக்குண்டுல மாவு மில்லு வச்சிருக்கோம். நான் சோலையப்பன். கொடைக்கானல் ரூட்டுல பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன்.

ஆங், விசில் ஊதிட்டான். மொத ரவுண்டு எல்லாரும் ஒண்ணாத்தான் ஓடுவாங்க. இப்பப் பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. பேசுவோம்.

இன்னைக்கு அவ மருந்து போடாம ஓடுறா. ஆறு வருசத்துல இதான் மொத தடவ. எந்த மருந்தா? அட, ஊசி மாத்திர இல்லீங்க. சூடேத்துற ஆயின்மெண்டு. தேய்ச்சா திகுதிகுன்னு இருக்கும்ல, அது. நாந்தான் தேய்ச்சு விடுவேன். ஒவ்வொரு மீட்டுக்கும், அதான் போட்டிக்கும், ஓடுறதுக்கு முன்னாடி, தொடை, கெண்டைக்கால், பாதம்னு ஒரு எடம் விடாம. இன்னைக்கு வேணாம்னுட்டா. வேணாம்னு சொன்னதோட விட்டாளா? பந்தயம் கட்டியிருக்கா என்கிட்ட. மருந்தில்லாம மொத ரெண்டு பேர்ல ஒருத்தியா வந்துட்டா, திருச்சி ஸ்டேட் மீட்டுக்குத் தனியாப் போவாளாம். நான் வரக்கூடாதாம். திருச்சிக்கு மட்டுமில்ல, இனிமே எந்த கிரவுண்டுக்கும் வரக்கூடாதாம். மில்லுல உக்காந்து மொளகாய் அரைக்கணுமாம். மூணாவதா வந்தா பழையபடி நான் தேய்க்கலாமாம். எப்படி இருக்கு கதை? என்னைய வச்சு என்கிட்டயே பந்தயம்.

ஒத்துக்கிட்டேன். ஒத்துக்காம? பயந்தவனா நானு? பாத்துருவோம்னு சொன்னேன்.

இவ ஓட ஆரம்பிச்சதே என்னாலதான். அதாவது, சுகரு வந்துச்சு, டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தா. நடை போதலைன்னு ஓடினா. மொத மீட்டு இதே கிரவுண்டுலதான். கடைசியிலருந்து மொத ஆளா வந்தா. கால் பிடிச்சுக்கிட்டு அந்தக் கொடிக்கம்பத்துக்கிட்ட உக்காந்து அழுதா. நான் ஓடிப் போயி மெடிக்கல்ல ஒரு ட்யூபு வாங்கியாந்து தேய்ச்சு விட்டேன். அடுத்த வருசம் ஓடுறதுக்கு முன்னாடியே தேய்ச்சேன், மூணாவது வந்தா! அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. நடுவுல ஒரு வருசம் தினம் வெள்ளன எந்திரிச்சு கண்மாய்க் கரையில ஓடினா, அது வேற விசயம். எல்லாருந்தான் ஓடுறாங்க. எல்லாரும் மூணாவது வர்றாங்களா?

சூடுதான் தம்பி எல்லாம். கொடைக்கானல் டிப்போவுல மார்கழி மாசம் காலையில மொத வண்டிய எடுத்துப் பாத்தாத் தெரியும். ஸ்டார்ட் பண்ணி இஞ்சின் சூடாகுறதுக்குள்ள கியரப் போட்டீங்கன்னா இருமும், மொனங்கும், ஏத்தத்துல கழுத்தறுக்கும். சூடு பண்ணி எடுத்தா வெண்ணெய் மாதிரி ஏறும். இஞ்சினுக்கு ஒரு நாயம், காலுக்கு ஒரு நாயமா? இதச் சொன்னா அந்தப் பிசியோ புள்ள சிரிக்குது.

ரெபேக்கான்னு பேரு. நாங்க சேந்திருக்குற ஓட்டக்காரங்க கிளப்புக்குப் புதுசா வந்திருக்கு. படிச்ச புள்ள, மரியாதை தெரிஞ்ச புள்ள, அதெல்லாம் இல்லேங்கல. "அங்கிள், இது தோலுக்குத்தான் சூடு மாதிரி தெரியும். உள்ள இருக்குற தசைக்கு ஒண்ணும் ஆகாது. ஓடினாத்தான் தசை சூடாகும். நீண்ட தூரம் ஓடுறவங்களுக்கு இதனால வேகமும் கூடாது, தெம்பும் கூடாது"ன்னு கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிக்குது. அத்தோட, வெயில்ல ஓடும்போது வேர்வையோட சேந்தா பொசுக்கிப்புடும்னு பயமுறுத்தல் வேற. ஆறு வருசமாப் பொசுக்காத மருந்து இப்பப் பொசுக்குமா?

வர்றா, வர்றா. ரெண்டாவதா வர்றா. மொதல்ல போற ஒசரமான அம்மா பழனி ஏட்டம்மா. ராஜாமணின்னு பேரு, போலீஸ்ல ஏட்டா இருந்தவங்க. அவங்கள யாரும் தொட முடியாது, அத விட்டுருங்க. ரெண்டாவது எடத்துக்குத்தான் சண்ட, மொத ரெண்டு பேரத்தான் திருச்சிக்கு அனுப்புவாங்க. ஏய் சீனி! தோள எறக்கு! ...பாத்தீங்களா, திரும்பிக்கூடப் பாக்காமப் போறா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வாரமாச்சு.

ஏன் இந்தக் கோவம்னு கேப்பீங்க. சொல்றேன். அந்தப் புள்ள ஒரு சோதனை வச்சுச்சு. ரெண்டு டப்பா குடுத்துச்சு. பாக்க ஒண்ணு போல இருக்கும், வாடையும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணுலதான் மருந்து இருக்கு, இன்னொண்ணு சும்மா வாசன போட்ட க்ரீம். எது எதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்லல. ஒரு ஞாயித்துக்கெழம ஒண்ணத் தேய்ச்சு ஓடணும், அடுத்த ஞாயிறு இன்னொண்ணு. நானும் தேய்ச்சேன், அவளும் ஓடினா. ரெண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே நேரந்தான் எடுத்துச்சு. சும்மா க்ரீம் போட்ட அன்னைக்கு ஒரு மயிரிழை வேகமாக்கூட ஓடியிருக்கா.

இதுல வேடிக்க என்னன்னா, அந்தச் சும்மா க்ரீம் போட்ட அன்னைக்கு நான் தேய்க்கத் தேய்க்க இவ சொல்றா, "இன்னைக்கு நல்லா சூடு ஏறுதுங்க, கால் லேசாயிருச்சு"ன்னு! மருந்தே இல்லாத டப்பாவுக்கு எப்படிங்க சூடு ஏறும்? அப்ப அந்தப் புள்ள டப்பாவ மாத்திக் குடுத்திருக்கு. இல்ல, எங்கயோ கலந்துபோயிருக்கு. இதக் கேட்டா தப்பா? நான் கேட்டேன். கிளப்புல எல்லாரும் இருக்கும்போது கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். படிச்சுட்டு வந்து எங்க காதுல பூ சுத்துறியா, உன் டப்பாவக் கொண்டு போயி உங்க வீட்டுல தடவுன்னு ஏதோ வாய்க்கு வந்தது சொல்லிட்டேன். அந்தப் புள்ள கண் கலங்கிருச்சு.

அம்புட்டுத்தான். இவ அங்கேயே, அத்தன பேருக்கு முன்னாடி, அந்தப் புள்ள தோள்ல கையப் போட்டுக்கிட்டு என்னையப் பாத்துச் சொல்றா: "ஓடுறது நானு. மருந்து ஓடல, நீங்களும் ஓடல." நல்லா இருக்கா தம்பி? வீட்டுக்கு வந்து பந்தயத்தப் போட்டா.

நான் எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டுறேன்னு நெனைப்பீங்க. ஒரு விசயம் சொல்றேன். இந்த கிரவுண்டுக்கு வர்ற ஆம்பளைங்களப் பாருங்க. ஓடுற ஆளு, இல்லேன்னா விசில் ஊதுற ஆளு, இல்லேன்னா கோச்சு. பொண்டாட்டிய ஓட விட்டுட்டு உக்காந்திருக்குற ஆம்பள நான் ஒருத்தன்தான். மொத வருசம் அவ காலப் பிடிச்சுத் தேய்க்கும்போது பின்னாடி ரெண்டு பேரு சிரிச்சானுங்க. "பொண்டாட்டி கால கிரவுண்டுல வச்சே பிடிக்கிறான்டா"ன்னு. எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. அந்த ட்யூபத் தூக்கிக் காட்டினேன். "கண்ணு தெரியல? மருந்து போடுறேன்"னேன். அதுக்கப்பறம் அவனுங்களே முட்டி வலின்னு என்கிட்ட வந்து நின்னானுங்க. மருந்துக்காரருன்னு பேரு எனக்கு இங்க. மருந்துக்காரருக்கு கிரவுண்டுல ஒரு எடம் இருக்கு. மருந்த எடுத்துட்டா நான் எங்கிட்டு நிக்கிறது?

அத விடுங்க. எத்தனாவது ரவுண்டு? பாதி ஆயிருக்கும்போல. ரெண்டாவதாத்தான் இருக்கா. பின்னாடி வர்ற மஞ்ச டீசர்ட்டு ஒண்ணும் பண்ணாது, மூச்சு வாங்குது பாருங்க.

கிட்ட வாங்க, ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லப்படாது. மருந்தில்லாம ஓடுறான்னு சொன்னேன்ல? அது அவளுக்குத்தான். காலையில அவ குளிக்கப் போனப்ப அந்தக் கருப்பு சாக்ஸு கொடியில கெடந்துச்சு. உள்பக்கமாத் திருப்பினேன். தடவினேன். கொஞ்சமா இல்ல, நல்லாவே. மறுபடி திருப்பிப் போட்டுட்டேன். அதான் இந்த வாடை, கை பூராம் மணக்குது. பஸ்ஸுல கேட்டா, "என்ன வாடை வருது?"ன்னு. எனக்கு முட்டி வலின்னு சொல்லிட்டேன்.

தப்பா? நீங்களே சொல்லுங்க, தப்பா? ஓடிக்கிட்டே இருக்கையில நடுவழியில கால் பிடிச்சுக்கிட்டா யாரு பாப்பா? அவ கோவத்துல சொல்றதக் கேட்டுட்டு நான் சும்மா இருக்கணுமா? பந்தயத்துக்காகச் செஞ்சேன்னு நெனைக்காதீங்க. சரி, பந்தயத்துக்காகவுந்தான். மருந்தோட ரெண்டாவது வந்தா மருந்தில்லாம வந்ததா ஆகுமா? ஆகாதுல்ல? அவளுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்ல. திருச்சிக்கு அவ தனியாப் போகட்டும், போனாலும் மருந்துதான் கொண்டுபோச்சுன்னு நான் மில்லுல உக்காந்து மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அது போதும் எனக்கு.

என்ன, என்ன பண்றா அவ?

குனியிறா. காலத் தட்டுறா. ஏன் தட்டுறா? எறும்பு கடிச்சுருச்சா? தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, பாருங்க, நொண்டுறாளா? நொண்டுறா. ஐயோ, நொண்டுறா தம்பி. மஞ்ச டீசர்ட்டு தாண்டிருச்சு. பின்னாடி இன்னொருத்தியும் வர்றா.

உக்காந்துட்டா. சாக்ஸக் கழட்டுறா. பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு கால்! இங்கருந்தே தெரியுது. எரியுது போல. வெயிலு, வேர்வ, இறுக்கமான துணி... அந்தப் புள்ள சொல்லுச்சு. சொல்லத்தான் செஞ்சுச்சு.

அவ வீசிட்டா பாருங்க சாக்ஸ, என்னைய நோக்கி. இல்ல, சும்மா வீசியிருப்பா. அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏய் அந்தத் தண்ணி மேசக்காரன் என்ன பண்றான்? வாளியத் தூக்கிட்டு வர்றான். ஊத்தப் போறான். ஐயையோ, தண்ணி பட்டா இன்னும் எரியுமே! இந்த மருந்துக்குத் தண்ணியக் காட்டவே கூடாது. தம்பி வழிய விடுங்க, அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிறேன்.

ஏய்! ஊத்தாத! தண்ணி ஊத்தாத! சீனி! தண்ணி வேணாம்! மருந்து இருக்கு அதுல! சாக்ஸுல மருந்து இருக்கு! நாந்தான் தடவினேன்! மண்ண எடு! காஞ்ச மண்ண அள்ளித் தேய்! மண்ணு!

அள்ளுறா. அள்ளிட்டா. அப்படித்தான், அழுத்தித் தேய்! டிப்போவுல ஆயில் கொட்டுனா நாங்க மண்ணத்தான் போடுவோம் தம்பி, தண்ணி ஊத்துனா பரவிரும். மண்ணு உறிஞ்சிரும். நல்லவேள, மண்ணு கிரவுண்டா இருந்துச்சு.

பாத்தா. நீங்க பாத்தீங்களா, அவ என்னையப் பாத்ததை? ஒரு தடவ பாத்தா. கிரவுண்டே பாக்குது என்னைய, அது கெடக்கட்டும். அந்தா, மைக்குகிட்ட நிக்கிற ரெபேக்காவும் வாயப் பொத்திக்கிட்டு என்னையத்தான் பாக்குது. பாக்கட்டும். நான் ஏன் தலையக் குனியணும்? வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்? கத்தினேன்ல? அவ கால் பொசுங்குறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேனா?

எந்திரிச்சுட்டா! ஓடுறா தம்பி! சாக்ஸு இல்லாம, செம்மண்ணு அப்பின காலோட ஓடுறா. நாலாவதா இருக்கா. பரவாயில்ல. அந்த மூணாவது ஆளு ஒண்ணுமில்ல, தோள் தொங்கிப்போச்சு. சீனி, கைய வீசு! மூச்ச விடு! அவள விட்டுராத! பாருங்க பாருங்க, கோவம் வந்தா இவ ஓட்டமே வேற. மில்லுல பெல்ட்டு அறுந்த அன்னைக்குப் பாக்கணும் நீங்க.

தாண்டிட்டா! மூணாவது! மணி அடிச்சாச்சு, கடைசி ரவுண்டு. மஞ்ச டீசர்ட்டு ரொம்ப முன்னாடி போகுதே... என்னது? மூணாவது வந்தா நாந்தான் பந்தயத்துல ஜெயிப்பேனா? அட யாருய்யா நீ, பந்தயத்தப் பத்திப் பேசுற நேரமா இது? மன்னிச்சுக்கங்க தம்பி, வாய் தவறிருச்சு. சத்தம் போடுங்க, நீங்களும் போடுங்க. சீனியம்மா! போ! போ! பிடிச்சிரு! இன்னும் கொஞ்சம்! அந்த வளைவுல பிடி! ஏத்தத்துல ரெண்டாவது கியரப் போடு! போடு தாயி!

பிடிச்சுட்டா. பிடிச்சுட்டா தம்பி. தோளுக்குத் தோளு... நெஞ்ச நீட்டு! நீட்டு!

ரெண்டாவது.

ரெண்டாவதுதானே? சொல்லிட்டானா மைக்குல? சீனியம்மாள், ரெண்டாவது. வத்தலக்குண்டு. சொன்னானா? சொல்லிட்டான். உக்காருறேன் தம்பி.

திருச்சிக்குப் போறா. போகட்டும். தனியாப் போகட்டும். ஆனா ஒண்ணு, பந்தயம் செல்லாது. ஏன் செல்லாதுன்னா, பாதி ஓட்டம் மருந்தோடதானே ஓடினா? அந்தச் சூடுதான் கடைசி ரவுண்டுல வேல செஞ்சிருக்கு. இஞ்சின அணைச்சாலும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும்ல, அது மாதிரி. நீங்க சிரிக்காதீங்க. அந்த ரெபேக்கா புள்ளையவே கூப்பிட்டுக் கேளுங்க. வேணாம், அதக் கேக்காதீங்க.

வர்றா தம்பி. இங்கிட்டுதான் வர்றா. நீங்க எந்திரிக்காதீங்க, உக்காந்திருங்க, ஆளு பக்கத்துல இருந்தா கொஞ்சம் கொறைச்சுத் திட்டுவா. சூவக் கழட்டிக் கைல தூக்கிட்டு வர்றா. வஞ்சா வையட்டும். நான் ஒண்ணும் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. ஏன் கேக்கணும்?

வா சீனி. ஓடுன... நல்லா ஓடுன. இவரு குண்டு எறியிறவரு மகன், தம்பி மகன், யாரோ. கால் எரியுதா? ...சரி சரி, நான் பேசல. ...அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பா? இப்பவேவா? ...சரி, கேக்குறேன். உன்கிட்டன்னா கேக்க மாட்டேன், அந்தப் புள்ளகிட்டக் கேக்குறேன்.

என்ன, பாதம் பிடிச்சுக்கிச்சா? எந்தப் பாதம்? எடது. கீழ் படியில உக்காரு, இப்படி நீட்டு. இல்ல இல்ல, ட்யூபெல்லாம் எடுக்கல. பையிலதான் இருக்கு, தொடல. மருந்து கிருந்துன்னு எடுத்தா இங்கேயே விட்டுட்டுப் போயிருவியா? போ. ...என்ன? கையக் கழுவணுமா? அந்தக் கொழாயிலயா? சோப்பு போட்டா?

இருங்க தம்பி, வந்துர்றேன். இவ காலப் பாத்துக்கங்க.

...இந்தா, கழுவிட்டேன். மோந்து பாரு. ரெண்டு தடவ போட்டேன் சோப்பு. வெறுங்கைதான். நீட்டு. கூட்டம் பாக்குது, பாத்துட்டுப் போகட்டும். டேய், என்னடா சிரிக்கிறீங்க அங்க? ஆமாடா, பொண்டாட்டி காலத்தான் பிடிக்கிறேன். ஸ்டேட்டுக்குப் போற கால்டா இது, உன் வீட்டுல இருக்கா?

வலிக்குதா? கட்டவெரலு பக்கம். சரி, மெதுவா.

என்ன சொன்ன? சரியாக் கேக்கல. ...திருச்சிக்கு ரெண்டு டிக்கெட்டா?

தம்பி, கொஞ்சம் காதக் கொண்டாங்க. அவளுக்குக் கேக்க வேணாம். இது வெறுங்கைன்னு அவ நெனைச்சுக்கிட்டிருக்கா. ஆறு வருசம் அந்த மருந்த அள்ளி அள்ளித் தேய்ச்ச கை இது. ஊறிப்போய்க் கெடக்கு உள்ள. சோப்பு போட்டாப் போயிருமா? அவ மூஞ்சியப் பாருங்க, கண்ண மூடிட்டா. சூடு ஏறுது அவளுக்கு. சொல்லிறாதீங்க.